மூச்சைப் பிடிக்கத் தெரிந்தவன் மாட்டிக்கொண்ட கதை

போன வியாழக்கிழமை ஒரு மெசின் எனக்குக் கட்டளை போட்டது.

"மூச்சை உள்ளே இழுக்கவும்… பிடித்துக்கொள்ளவும்…"

கொழும்பில் ஒரு ஸ்கேன் சென்டர். பெரிய வெள்ளை வளையத்துக்குள் என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். பேசியது ஒரு பெண் குரல். பதிவு செய்து வைத்த குரல். மருந்துக்கும் ஒரு 'தயவுசெய்து' கிடையாது!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த டெக்னீஷியன் பிள்ளை ஓடி வந்தாள்.

"அம்மா, ஆடக்கூடாது. படம் கலங்கிப் போகும். ஏன் சிரிச்சனீங்கள்?"

ஏன் சிரித்தேனா? அந்தக் குரல் பார்க்கிற வேலையை ஒரு காலத்தில் நான் பார்த்தேன். உடம்போடு, உயிரோடு, மாதச் சம்பளத்துக்கு!

ஸ்கேனுக்கு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். இரண்டு வாரமாக ஒரு வறட்டு இருமல். எங்கள் டொக்டர் ஸ்டெதஸ்கோப்பை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். "ஒன்றும் கேட்கவில்லை" என்றார். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். எடுத்தாயிற்று. வலது நுரையீரலின் அடியில் மெல்லிய ஒரு மங்கல். கண்ணாடியில் மூச்சு பட்டால் படியுமே, அது மாதிரி.

"வைரஸ் நிமோனியாவின் ஆரம்பம். பயப்பட ஒன்றுமில்லை. இது காதுக்குக் கேட்காது, படத்தில்தான் தெரியும்" என்றார் டொக்டர்.

"தெரியும்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சொல்ல நேரமில்லை. வெளியே இருபது பேர் நம்பர் துண்டோடு காத்திருந்தார்கள். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எங்கே ஓடப் போகிறீர்கள்?

திருகோணமலை. யுத்தகாலம். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காலியான ஊர், மெல்ல மெல்லத் திரும்பி வந்திருந்தது. துறைமுகம் நிறையக் கப்பல்கள். எனக்குப் பத்தொன்பது வயது. கையில் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இருந்தது. வாயோ, கேட்கவே வேண்டாம், அப்போதும் இப்படித்தான்.

துறைமுகத்து வேலையாட்களுக்கென்று ஒரு டிஸ்பென்சரி இருந்தது. தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு பழைய எக்ஸ்ரே மெசின். அங்கே தமிழ் சொல்ல ஓர் ஆள் தேவை என்றார்கள். நான் போகிறேன் என்றேன்.

"ஆம்பிளையள் சட்டையில்லாமல் வரிசையில நிக்கிற இடத்தில உனக்கென்னடி வேலை?" என்றார் அப்பா.

"நான் தடுப்புக்குப் பின்னாலதான் அப்பா நிப்பன். என்ர சத்தம் மட்டும்தான் முன்னால போகும்."

உண்மை. ஈயத்தகடு அடித்த ஒரு பலகைத் தடுப்பு. நான் அதற்குப் பின்னால்.

இன்றைய மெசின் இமை கொட்டுவதற்குள் எடுத்துவிடும். அந்தக் கிழட்டு மெசினுக்கு முழுதாக மூன்று நொடி வேண்டும். அந்த மூன்று நொடியும் நெஞ்சு அசையக்கூடாது. அசைந்தால் ஒவ்வொரு விலா எலும்பும் இரண்டாகத் தெரியும். நான் போவதற்கு முதல் டிஸ்பென்சரி டொக்டரே கத்திப் பார்த்திருக்கிறார். அவர் ஸ்கொட்லாந்துக்காரர், நாங்கள் துரை என்போம். அவர் இங்கிலீஷில் கத்தக் கத்த, படம் எடுக்க நின்றவர்கள் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்களாம். படத்தில் நுரையீரலுக்குப் பதில் முழங்கை விழுந்ததாம்.

நான் போனதும் நிலைமை திருந்தியதா? எங்கே! "மூச்சை இழுங்கோ… பிடியுங்கோ…" என்று நான் சொல்வேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி வரும்.

"ஆற்ற மகள் பிள்ளை நீ?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில்! ஒரு பெட்டையின் குரல் கேட்டால், அவள் ஆருடைய மகள் என்று தெரியாமல் எங்கள் ஊராரால் மூன்று நொடி இருக்க ஏலுமா? படமெல்லாம் கலங்கல்.

அந்த நேரம் பார்த்து இருமல் வந்து சேர்ந்தது.

ஒரே பார்ஜில், தட்டையான வேலைப் படகில், வேலை செய்த பன்னிரண்டு பேர். கப்பல்களில் இருந்து தவறி விழுந்த நங்கூரம், சங்கிலி என்று எதையெல்லாமோ கடலடியில் தேடி எடுப்பது அவர்கள் வேலை. பதினொரு பேர் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டு வந்தார்கள். துரை ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரே பயம்தான். கசம். காசநோய், இன்றைக்கு ரீபி என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லவே மாட்டார்கள். ஒரு வீட்டில் கசம் என்று எழுதினால் அந்த வீட்டில் ஒருவரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

எல்லோருக்கும் படம் எடு என்றார் துரை. யுத்தகாலத்தில் பிலிம் தட்டுப்பாடு. ஆளுக்கு ஒன்றுதான்.

பதினொரு பேரும் இருமிக்கொண்டே படம் எடுத்தார்கள். பதினொன்றும் கலங்கல். பன்னிரண்டாவது ஆள், பக்கத்துச் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த தங்கராசா. சுழியோடி. கடலுக்குள் இறங்குகிறவர் அவர்தான். இருபத்தைந்து வயதிருக்கும். இருமலும் இல்லை. கொஞ்சம் தலையிடி, அவ்வளவுதான்.

"மூச்சை இழுங்கோ… பிடியுங்கோ…"

அசைவே இல்லை. மெசின் உறுமியது. மூன்று நொடி. படம் விழுந்த கையோடு ஜெனரேட்டர் படக்கென்று நின்றுவிட்டது. துரை அதை உதைக்கப் போய்விட்டார். நான் பிலிம் தட்டை எடுத்து மூடி, பெயரெழுதி, இருட்டறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்… அந்த மனிதர் இன்னும் நிற்கிறார்! நெஞ்சு பலகையில் ஒட்டியபடி, கழுத்து நரம்பு புடைத்தபடி.

'விடுங்கோ' என்று சொல்ல மறந்துவிட்டேன்!

"ஐயோ! விடுங்கோ! விடுங்கோ!"

ஆறுதலாக விட்டார். திரும்பினார். "ஏன் மிஸி பதறுறீங்கள்? இன்னும் கொஞ்சம் நிண்டிருப்பன்."

நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் அந்தக் கொட்டகையில் பாவாடை கட்டிய எல்லோரும் மிஸிதான்.

"நான் சொல்ல மறந்தால் நீங்கள் மூச்சை விடமாட்டீங்களே?"

"எங்கட தொழிலில வாய்ச்சொல்லு இல்லை மிஸி. இடுப்பில கயிறு. மேல நிக்கிறவன் எண்ணி முடிச்சு ஒரு இழுவை இழுப்பான். கயிறு இழுபடுமட்டும் பிடிச்சிருப்பம்."

"ஆர் மேல நிக்கிறது?"

"சோமு. வாற புதன்கிழமைதான் பொன்னுருக்கு. அவன்ர தங்கச்சியைத்தான் எனக்குப் பேசியிருக்கு."

பொன்னுருக்கு என்றால் தெரியும்தானே? தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. அது முடிந்தால் கல்யாணம் முடிந்த மாதிரி. அதை அவர் சொன்னபோது முகத்தில் ஒரு வெட்கம்.

சோமு ஏன் கயிறு பிடிக்கிறார்? அதற்கும் ஒரு காரணம் இருந்தது. கூடப்பிறந்தவனிடம் கயிற்றைக் கொடுக்க மாட்டார்களாம். நாளைக்குக் காணி பிரிக்கிறபோது சண்டை வரலாம். மச்சானிடம்தான் கொடுப்பார்கள். அவன் கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கச்சி அல்லவா! மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பது சும்மா வந்த சொல் இல்லை. சோமுவிடம் கயிறு முதலில் போய்விட்டது. இப்போது தங்கச்சியும் வரப்போகிறாள். நல்ல ஏற்பாடு.

மத்தியானம் படங்கள் காய்ந்தன. கொடியில் சட்டை போடுகிற மாதிரி வரிசையாகக் கிளிப்பில் தொங்கின. துரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினொரு கலங்கலையும் "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று தள்ளிவிட்டார். பன்னிரண்டாவதில் நின்றார். அவ்வளவு சுத்தமான படம் அந்தக் கொட்டகையில் அதுவரை எடுக்கப்படவில்லை. ஒவ்வொரு விலா எலும்பையும் எண்ணலாம்.

வலது பக்கம், கீழே, ஒரு மங்கல்.

துரை பேனாவை எடுத்தார். கசம் என்று எழுதினார். திங்கட்கிழமை லொறியில் வெளியூர்க் கச ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றார். "நீ சொல்லு" என்றார் என்னிடம்.

நான்தானே குரல்? நான்தான் சொன்னேன்.  அந்த மனிதர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். வாசலில் நின்ற சோமுவுக்கும் கேட்டுவிட்டது.

"மச்சான்…" என்று எழும்பினார் தங்கராசா.

"மச்சான் எண்டு கூப்பிடாத!" என்றார் சோமு. இருமல் அவரை மடக்கியது. இருமி முடித்து நிமிர்ந்தார். "கசக்காரனுக்கு என்ர தங்கச்சியைத் தர ஏலாது. நான் இண்டைக்கே வீட்டில சொல்லிப்போடுவன்."

போய்விட்டார். நான் இருட்டறைக்குள் போய் அழுதேன். பத்தொன்பது வயதில் ஒருவன் கல்யாணத்தை என் வாயால் உடைத்திருக்கிறேன், அழாமல்?

அடுத்த நாள் விடிந்ததும் தங்கராசா வாசலில் நின்றார். சண்டைக்கு வந்தாரோ என்று பயந்தேன். இல்லை. ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

"மிஸி, நான் இரவு முழுக்க யோசிச்சனான். பதினொரு பேர் இருமுறாங்கள். நான் இருமேல்லை. எப்பிடி எனக்கு மட்டும் கசம்?"

அட, ஆமாம்! எப்படி?

படங்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று… எல்லாம் ஆடிய படம். விலாவே இரண்டாகத் தெரிகிற படத்தில் மூச்சு பட்ட மாதிரி ஒரு மங்கல் தெரியுமா? அதில் ஒரு தேங்காயை ஒளித்து வைத்தாலும் தெரியாதே! துரை 'ஒன்றும் இல்லை' என்று தள்ளியது ஒன்றும் இல்லாததால் அல்ல. ஒன்றும் தெரியாததால்!

துரையிடம் ஓடினேன். சொன்னேன். "உன்னை வைத்திருப்பது தமிழுக்கு, வைத்தியத்துக்கு அல்ல" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் தமிழில் ஒன்று கேட்கிறார்கள், பதில் சொல்லுங்கள்" என்றேன். தங்கராசா கேட்டதை அப்படியே இங்கிலீஷில் கேட்டேன். துரை பைப்பை வாயில் இருந்து எடுத்தார். கலங்கல் படங்களை மறுபடி வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பிலிம் தருகிறேன். ஒன்றே ஒன்று. இருமுகிறவன் ஒருவனை ஆடாமல் நிற்க வை. பார்ப்போம்."

இருமுகிறவனை ஆடாமல் நிற்க வைப்பதா? யாரை? எப்படி?

"சோமுவை நிப்பாட்டுவம்" என்றார் தங்கராசா.

சோமு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. "அவன் நிக்கிற அறைக்குள்ள நான் வரமாட்டன்" என்று படியிலேயே நின்றார். துரை ஏதோ உறுமினார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

தங்கராசா கையில் ஒரு துண்டுச் சணல் கயிறு.

"சோமு, ஆறு வருசம் நீ என்ர கயிறு பிடிச்சனீ. ஒருநாளும் நீ பிந்தேல்லை. இண்டைக்கு ஒருக்கா நான் உன்ர கயிறைப் பிடிக்கிறன். பேந்து நீ என்னைப் பார்க்கவும் வேண்டாம்."

சோமு நிலத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார்.

கயிற்றின் ஒரு முனை சோமுவின் கைப்பெருவிரலில். மறுமுனை தடுப்புக்குப் பின்னால், தங்கராசா கையில். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு என் வேலையை அவர் பார்த்தார்.

"முதல்ல எல்லாத்தையும் வெளியால விடு. இன்னும்… இன்னும். இப்ப ரெண்டு சின்ன மூச்சு. இருமல் வருதே? எச்சிலை விழுங்கு. நாக்கை மேல ஒட்டு. கண்ணை மூடாத, அந்த ஆணியைப் பார். இப்ப பெரிசாய் இழு. கயிறு இழுபடுமட்டும் நீ தண்ணிக்குள்ள."

மெசின் உறுமியது. ஒன்று… இரண்டு… மூன்று. தங்கராசா கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். அந்தப் பக்கம் வெடித்த இருமல் தகரக் கூரையில் போய் மோதியது.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிப் பிடித்தார் துரை. நான் எட்டிப் பார்த்தேன். வெளியே காத்திருந்த தங்கராசாவும் சோமுவும் வாசலில் வந்து நின்றார்கள்.

சுத்தமான படம். இடது பக்கம், கீழே, அதே மங்கல்.

துரை விசிலடித்தார். கதிரையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார், நான் இவர்களுக்கு விளக்கினேன். கசம் என்றால் பெரும்பாலும் மேலே, தோளெலும்புப் பக்கமாகத்தான் முதலில் வந்து உட்காருமாம். இது அடியில். ஒரு கிழமைக்குள் ஒரே பார்ஜில் பன்னிரண்டு பேரைக் கசம் பிடிக்காதாம். புதிதாக ஒரு நிமோனியா பற்றிப் படை டொக்டர்கள் பேசிக்கொள்கிறார்களாம். ஆள் நடமாடுவான், ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் இருக்காது, படத்தில் மட்டும் மங்கல் விழும். கிருமி என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை, மைக்ரோஸ்கோப்பில் அகப்படாத அளவு சின்னதாம்.

"கசம் இரண்டு வாரத்தில் போகாது. இது போகும். மங்கல் தெரிந்த இரண்டு பேரும் இங்கேயே படுக்கட்டும், மற்றவர்கள் வீட்டில் படுக்கட்டும். பதினைந்து நாள் கழித்துப் பார்ப்போம். அதற்குப் பிறகும் இருந்தால் நான் எழுதியது எழுதியதுதான்" என்றார். லொறியோடு அனுப்ப எழுதிய கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். கிழிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

கொட்டகையின் பின்பக்கம் இரண்டு கட்டில். பக்கத்தில் பக்கத்தில். சோமு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முதல் நாள் பேச்சில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் கஞ்சி கொண்டு போகிறேன், சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல்.

"மச்சான்… வெத்திலை வைச்சிருக்கிறியே?"

கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

பொன்னுருக்கு? சோமுவே வீட்டுக்கு ஆள் அனுப்பினார். "எங்கள் ரெண்டு பேரையும் துறைமுகத்தில இருந்து விடமாட்டம் எண்டுறாங்கள். நாளைத் தள்ளி வையுங்கோ." கசம் என்ற சொல் அந்தக் கொட்டகையைத் தாண்டவில்லை. ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும், அது லாச்சிக்குள் இருக்கிறது.  நான் வேதக்காரி. ஞாயிறு பூசையில் மன்றாடினேன். போதாதென்று கோணேசர் மலைப் பக்கம் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டேன். கர்த்தர் கோபித்திருக்க மாட்டார், அவருக்கும் இந்தத் துறைமுகத்து நிலைமை தெரியும்.

பதினாறாம் நாள். ஆளுக்கு ஒரு பிலிம். சோமுவின் கயிற்றைத் தங்கராசா பிடித்தார். தங்கராசாவின் கயிற்றைச் சோமு பிடித்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மிஸி, நீங்கள் முதல்ல மூச்சை விடுங்கோ" என்றார் தங்கராசா.

படம் வந்தது. சோமுவுடையது சுத்தம். தங்கராசாவுடையதைத் துரை பல்புக்கு முன்னால் பிடித்தார், திருப்பினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 

மங்கல் இல்லை. வலது பக்கம், இடது பக்கம், எங்கேயும் இல்லை.

துரை லாச்சியைத் திறந்தார். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். தங்கராசாவிடம் கையை நீட்டினார். "மன்னிக்கச் சொல்" என்றார் என்னிடம். எனக்குத் தெரிந்து ஒரு துரை தமிழில் கேட்ட ஒரே மன்னிப்பு அதுதான், என் வாயால் கேட்டாலும்.

பொன்னுருக்குக்குச் சல்லிக்குப் போனேன். அப்பாவும் கூட வந்தார். சோமு எல்லோருக்கும் என்னைக் காட்டி, "இவதான் எங்கட மிஸி" என்றார். பொன் உருகியபோது நான் அழுதேன். புகையால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்கு எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆடிக்கொண்டே இருந்த பதினொரு பேரும் துரையின் கணக்கில் சுகதேகிகள். அசையாமல் நின்றவன் நோயாளி. வீடுகளிலும் அப்படித்தானே? துள்ளிக் குதிக்கிற மருமகளின் குறை யாருக்கும் தெரியாது. பேசாமல் நிற்கிறாளே ஒருத்தி, அவள் குறையைத்தான் எல்லோரும் எண்ணுவார்கள், விலா எலும்பு எண்ணுகிற மாதிரி. ஒருவன் மேல் ஏதாவது எழுத முதல், மற்ற படங்கள் ஆடியவையா என்று ஒருமுறை பார்த்தால் என்ன?

சரி, ஸ்கேனுக்கு வருவோம். சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டாம் முறை படுத்தேன். எல்லாவற்றையும் வெளியே விட்டேன். இரண்டு சின்ன மூச்சு. நாக்கை மேலே ஒட்டினேன். பெரிதாக இழுத்துப் பிடித்தேன். படம் பளிங்கு மாதிரி வந்ததாம். அதனால்தான் அந்தச் சின்ன மங்கலும் அகப்பட்டது. பதினைந்து நாள் கழித்துத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர். பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பதினைந்து நாள் காத்திருக்கிற வேலையும் நான் பார்த்த வேலைதான்.

வளையத்துக்குள் அந்தக் குரல் "இப்போது மூச்சை விடலாம்" என்றது. நான் விடவில்லை. பிள்ளை மறுபடி பதறி ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடச் சொல்லியாச்சே அம்மா! ஏன் விடேல்லை?"

"நீ இப்பதானே பிள்ளை இழுத்தனீ!"